சீழுக்கு ஸ்தோத்திரம்

என் இடது காதிலிருந்து எட்டு மாதம் சீழ் வடிந்தது. அந்த எட்டு மாதமும் எங்கள் சபையில் அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போதகர் என்னிடம் சாட்சி கேட்டார். நோயிலிருந்து எழுந்தவர்கள் சபை முன் நின்று நடந்ததைச் சொல்லி நன்றி செலுத்துவது எங்கள் வழக்கம். எனக்குப் பேச வராது என்பதால், இரண்டு பக்கம் எழுதிக் கொடு, யாராவது வாசிக்கட்டும் என்றார். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. எழுதியதைச் சபையில் வாசிக்க யாருக்கும் தைரியம் வராது என்றும் தெரிந்தது. ஆகவே காது கேளாத பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் தகப்பன்மாருக்காக இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றித் தேவையானது மட்டும். பெயர் பியூலா. வயது இருபத்தேழு. பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. புனேயின் ஹடப்சரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரல் எங்கெங்கே உடையும் என்று பட்டியல் போடுவதுதான் அந்த வேலை. வீடு விஷ்ராந்த்வாடியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவப் பணிமனை ஒன்றுக்கு எழுத்தராக வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா பேசுவதை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வேன். அப்பாவின் மீசை பாதியை மறைத்துவிடும். கோபம் வந்தால் வாயைப் பெரிதாகத் திறப்பார், அப்போது முழுவதும் புரியும். என் குரல் இவர்கள் இருவருக்கு மட்டுமே விளங்கும். வெளியே கைபேசியில் எழுதிக் காட்டுவேன்.

என் மொழி சைகை மொழி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம் கற்றது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பிரசங்கியார் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: சைகை கற்றால் பிள்ளை செவிடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அது அவிசுவாசம், சுகம் தடைப்படும். அம்மா அன்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

இயேசு ஒரு செவிடனின் காதில் விரலை வைத்துச் சுகமாக்கினார் அல்லவா? அதனால் எங்கள் சபைக்கு வந்த பிரசங்கியார்கள் பலரும் என் காதில் விரலை விட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நகம் நீளம். இன்னொருவர் விரலில் எச்சில் தொட்டு என் நாக்கில் வைத்தார். வெங்காய வாடை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இதைச் சொல்வதால் எனக்கு விசுவாசம் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு மதியம் காது கேளாதவர்கள் இருபது பேர் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடிச் சைகையில் ஆராதிக்கிறோம். அங்கே நான் ஜெபிக்கும்போது கடவுள் என் கைகளைப் பார்க்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன். காதைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டதே இல்லை.

சீழ் முதலில் தலையணையில் மஞ்சள் கறையாகத் தெரிந்தது. அம்மா அதை எஸ்தர் ஆன்ட்டியிடம் காட்டினாள். எஸ்தர் ஆன்ட்டி எங்கள் ஜெபக்குழுவின் தலைவி, ஓய்வு பெற்ற ஆசிரியை, புனேயில் நாற்பது வருடமாக இருப்பதால் பேச்சில் ஹிந்தி கலக்கும். வகுப்பில் பேசுவதுபோல் வாயைத் திறந்து நிறுத்திப் பேசுவதால் அவர் உதட்டையும் என்னால் படிக்க முடியும்.

“பாத்தீங்களா சிஸ்டர், அடைச்சிருந்தது உடையுது! தொறக்கிறதுக்கு முன்னால அழுக்கு வெளிய வரத்தானே செய்யும்? பில்குல் நல்ல அடையாளம்” என்றார். மறுநாள் ஜெபித்த எண்ணெய் ஒரு குப்பி கொண்டுவந்தார். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு.

நான் பொறியியல் படித்தவள். சீழ் வடியும் காதில் எண்ணெய் விடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தலையைச் சாய்த்துக் காட்டினேன். இருபத்தேழு வருடம் மறுத்து மறுத்து அலுத்துப்போயிருந்தது. தவிர, அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் துணியால் என் காதைத் துடைத்து, துணியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அல்லேலூயா என்பாள். உதட்டில் படிக்க மிக எளிதான சொல் அது. நான் யார் யார்மேல் அருவருப்புக் கொள்கிறேன் என்று பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையதுதான்.

ஆறாவது மாதம் அலுவலகத்தில் சிலவற்றைக் குறித்துவைத்தேன். எனக்கு இடப்புறம் இருந்த பெண் காரணம் சொல்லாமல் இடம் மாறினாள். என் மேசைப் பக்கம் யாரோ நறுமணத் தெளிப்பான் அடிக்கத் தொடங்கினார்கள். லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்காதவர்களுக்கு மூச்சு நன்றாகவே தெரியும். எட்டாவது மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்தேன்.

ரேஷ்மாதான் என்னை ஆஸ்பத்திரிக்குப் போகவைத்தாள். மராத்திக்காரி, என்னைப் போலவே காது கேளாதவள், ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்காருபவள். அவள் சைகையில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “நீ நாறுகிறாய். செத்த எலி நாற்றம். உன் மனம் நோகுமே என்று பார்த்தேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்காவிட்டால் உன் பக்கத்தில் உட்காரமாட்டேன்.”

மருத்துவர் உருப்பெருக்கி வழியாகக் காதைப் பார்த்தபடி ஒரு மெல்லிய குழாயால் உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். ஈரமான கடலைமாவு போன்ற ஒன்று, எண்ணெயில் ஊறி வந்தது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். நான் பார்ப்பதைக் கண்டதும் தலைப்பை இறக்கிவிட்டாள். அதன் பிறகு முடியும்வரை அந்த நாற்றத்தை மூடாமல் சுவாசித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள்.

நோயின் பெயர் கொலஸ்டியடோமா. புற்றுநோய் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால், தோல் இருக்கக் கூடாத இடத்தில் தோல் வளர்கிறது. தோல் என்றால் உதிரும். உதிர்ந்தது வெளியேற வழியில்லாமல் வெங்காயம்போல அடுக்கடுக்காகச் சேர்ந்து, அழுகி, சுற்றியுள்ள எலும்பை அரிக்கிறது. விட்டால் மூளை வரைக்கும் போகும். மருந்தால் தீராது, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து எடுக்க வேண்டும்.

அறுவைக்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளில் காது கேட்கும் சோதனையும் இருந்தது. பிறவியிலேயே கேட்காது என்று எழுதிக் காட்டினேன். பட்டியலில் இருக்கிறது, செய்தாக வேண்டும் என்றார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இருபது நிமிடம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கை வந்தது: இரு காதுகளும் கேட்கவில்லை.

உபயோகமான சோதனை ஸ்கேன். முகநரம்பு காதின் உள்ளே ஒரு மெல்லிய எலும்புக் குழாய் வழியாக வந்துதான் முகத்துக்குப் போகிறது. எனக்கு அந்தக் குழாயின் ஒரு பக்கம் அரித்துப்போயிருந்தது. நரம்பின் மேலேயே நோய் ஒட்டியிருந்தது.

மருத்துவர் அப்பாவிடம் பேசினார். பேச்சை எழுத்தாக்கும் செயலியைத் திறந்து என் கைபேசியை அவர் முன்னால் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் திரையில் வந்தது இது: “கேட்கும் காதாக இருந்தால் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேலை சுலபம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். முகத்தின் அந்தப் பக்கம் கொஞ்சம் பலவீனமாகலாம். பெரும்பாலும் ஆகாது.”

இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற வரியை மறுபடி படித்தேன். சைகை மொழியில் சொற்கள் கையில் இருக்கின்றன. இலக்கணத்தின் பெரும்பகுதி முகத்தில் இருக்கிறது. ‘நீ வந்தாய்’, ‘நீ வந்தாயா?’ இரண்டுக்கும் கை ஒன்றுதான். புருவம் உயர்ந்தால் கேள்வி. கன்னம் உப்பினால் பெரிது, உதடு குவிந்தால் சிறிது. பாதி முகம் செத்துப்போனவளின் பேச்சு பாதி எழுத்து அழிந்த பலகை. காதுக்குள் இவர்கள் தேடுவது எனக்கு வேண்டாம். முகம் வேண்டும்.

கைபேசியில் எழுதி மருத்துவரிடம் நீட்டினேன். ஒன்று, அறுவையின்போது முகநரம்பைக் கண்காணிக்கும் கருவி வைக்க வேண்டும். இரண்டு, நரம்பின்மேல் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டாம், விட்டுவிடுங்கள். மூன்று, இனி என்னிடம் பேசுங்கள்.

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். “விட்டுவைத்தால் மறுபடி வளரும். ஒரு வருடத்தில் இன்னொரு அறுவை செய்ய வேண்டியிருக்கும்” என்று திரையில் வந்தது. தெரியும் என்று தலையசைத்தேன்.

ஆனால் சேர்க்கும் நாளில் ஒப்புதல் படிவத்தில் அப்பா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். நோயாளிக்குக் காது கேட்காது, பேச வராது, ஆகவே காப்பாளர் கையெழுத்து என்று நர்ஸ் நீட்டியிருக்கிறார். படிவத்தில் ‘நோய் முழுவதும் அகற்றல்’ என்று இருந்தது. நான் கேட்ட எதுவும் இல்லை.

“எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துட்டா முடிஞ்சிதுல்லா? ரெண்டாவது தடவ எதுக்குக் கீறணும்?” அப்பா வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

“என் மொகம்பா.”

“மொகம் கொஞ்சம் கோணினா என்னட்டி? உசுரு பெருசா மொகம் பெருசா?”

“ஒங்க வாயில பாதியத் தச்சிருவோம்னு சொன்னா கையெழுத்துப் போடுவீங்களா?”

கத்தினேன் போலிருக்கிறது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். என் குரல் வெளியாட்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் முகங்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அப்பா அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனார். அங்கே ஹிந்தியில் என்ன சொன்னார் என்று அம்மாதான் பிறகு தமிழில் சொன்னாள்: “வேற படிவம் குடுங்க, எம் மவ போடுவா. அவளுக்குப் படிக்கத் தெரியும், எனக்குத்தான் அத்தன எழுத்தையும் படிக்கப் பொறுமை இல்லன்னு சொன்னாவ.” புதிய படிவத்தில் என் நிபந்தனைகளை என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அன்று சாயங்காலம் ஜெபக்குழு வந்தது. ஆறு பேர். காது ஆபரேஷன் என்று அப்பா சொன்னதை அவர்கள் காது கேட்கப்போகிறது என்றே எடுத்துக்கொண்டு உபவாசம் இருந்திருக்கிறார்கள். கட்டிலைச் சுற்றி நின்று என் தலையில் கை வைத்தார்கள். பன்னிரண்டு கைகள், வியர்வை, தலைக்கு எண்ணெய், யாரோ ஒருவர் தின்ற பக்கோடா. உபவாசம் மதியத்தோடு முடிந்திருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி ஒருவர் என் இமைகளை விரலால் இறக்கிவிட்டார். கண்ணை மூடினால் எனக்கு உலகமே கிடையாது என்பதை இவர்களுக்கு எத்தனை தடவை எழுதிக் காட்டுவது? திறந்துகொண்டேன். எஸ்தர் ஆன்ட்டியிடம் கைபேசியை நீட்டினேன்: ‘என் முகத்துக்காக ஜெபியுங்கள்.’

“மொகத்துக்கு என்னம்மா, மொகம் லட்சணமாத்தானே இருக்கு! மாப்பிள்ள வரிசையில நிக்கப்போறான்” என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள். பிறகு காதுக்காக ஜெபித்தார்கள்.

மறுநாள் காலை வலது புறங்கையில் ஊசிக் குழாய் ஏற்றினார்கள். அது நான் பேசும் கை, இடது முழங்கைப் பக்கம் ஏற்றுங்கள் என்று எழுதிக் காட்டியிருந்தேன். ரத்தக்குழாய் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது என்று ஒட்டுநாடா சுற்றிவிட்டார்கள். அறுவை அறையில் எல்லோரும் முகக்கவசம். கைபேசியும் இல்லை. யார் என்ன சொல்கிறார்கள், என்னிடம்தான் சொல்கிறார்களா என்று எதுவும் தெரியாமல் மல்லாந்து கிடந்தேன். மயக்க மருத்துவர் ஒருவர் மட்டும் குனிந்து, தன் கைகளைக் கன்னத்தில் வைத்துத் தூக்கம் என்று காட்டி, என் முகத்தைச் சுட்டி, கருவியைச் சுட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். கருவி வைத்திருக்கிறோம் என்று பொருள். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

விழித்ததும் செய்த சோதனைகள்: புருவம் உயர்த்துதல், கண்ணை இறுக்குதல், கன்னம் உப்புதல், பல்லைக் காட்டுதல். நான்கும் சரி. நரம்பின்மேல் காகிதத்தடிப்பு நோயை விட்டுவைத்திருப்பதாக மருத்துவர் எழுதிக் காட்டினார். அப்படியே படுத்து அழுதேன். நாக்கின் இடது பக்கம் மட்டும் துரு நக்கியதுபோல் இருந்தது. சுவை நரம்பு ஒன்று அவ்வழியே போகிறது, அதைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். அதைப் பொருட்படுத்தவில்லை.

நான்காம் நாள் காலை கஞ்சி குடிக்கும்போது அது இடது கடைவாய் வழியாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கைபேசிக் கண்ணாடியில் பார்த்தேன். இடது புருவம் இறங்கியிருந்தது. இடது கண் மூடவில்லை. உதடு தொங்கியது. நரம்பு அறுபடவில்லை, வீங்கியிருக்கிறது, சிலருக்கு இப்படித் தாமதமாக வரும், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு மாத்திரைகள், கண்ணுக்குச் சொட்டுமருந்து, தூங்கும்போது இமையை ஒட்டுநாடாவால் ஒட்டுவது. பெரும்பாலும் என்ற சொல்லை அவர் இரண்டாம் முறை சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

மறுநாள் ரேஷ்மா வந்தாள். ‘அலுவலகத்துக்கு லீவு போட்டாயா?’ என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்துச் சொன்னாள்: “நீ கேட்கிறாயா, சொல்கிறாயா?”

அதைவிட என்னைப் பயமுறுத்திய வாக்கியம் அந்த ஆஸ்பத்திரியில் வேறு இல்லை.

ஆறாம் நாள் எஸ்தர் ஆன்ட்டி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆன்ட்டி நேராக என் தலைமாட்டுக்குப் பின்னால் போனார். எனக்கு எதிரே நின்ற அம்மாவின் இமை இரண்டு முறை துடித்தது. பின்னால் கை தட்டுகிறார்கள். காது திறந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். நான் திரும்பாததால் முன்னால் வந்து குனிந்தார். அப்போதுதான் முகத்தைக் கண்டார்.

“ஐயோ, வாய் கோணிட்டே! அப்பவே சொன்னேன்ல? காது தொறக்கிற சமயத்துல கத்திய வச்சிட்டாங்க. டாக்டர் லோக் எப்பவும் இப்படித்தான். விசுவாசம் கம்மியாப் போச்சு சிஸ்டர்.”

அம்மா சபையில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினாள். நான் படிக்க வேண்டும் என்றுதான் அப்படி நின்றிருக்கிறாள்.

“எக்கா, எட்டு மாசம் எம்பிள்ள காதுல சீழ் வடிஞ்சிது. சீழுன்னு எனக்குத் தெரியும். மூக்கு இருக்குல்லா எனக்கு? தெரிஞ்சேதான் அல்லேலூயா சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன். நீங்க பொறப்படுங்க.”

“என்ன சிஸ்டர் இப்படிப் பேசுறீங்க, கர்த்தர் கோவிச்சுக்குவார்.”

“கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும். எண்ணெய ஊத்துனது நான்தான.”

அவர்கள் கொண்டுவந்த பழப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தினமும் ஐந்து வேளை கண்ணாடி முன் உட்கார்ந்து முகப் பயிற்சி. ஒழுகும் கண்ணையும் எச்சில் நிற்காத வாயையும் பார்க்க எனக்கே குமட்டியது. மூன்றாம் நாள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். “என்னப் பாத்துச் செய்யி” என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சித் தாளில் இருந்ததை ஒவ்வொன்றாக அவள் செய்ய, நான் செய்தேன். புருவத்தை உயர்த்தினாள், கன்னத்தை உப்பினாள், உதட்டைக் குவித்தாள். வீடியோ அழைப்பில் ரேஷ்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் அம்மாவின் முகம் நன்றாகப் பேசுகிறதே, கை மட்டும் ஏன் மடியில் கிடக்கிறது?” என்று கேட்டாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கைகளைப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் ரேஷ்மா அவளுக்கு நாளைக்கு ஐந்து சைகை சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, மாத்திரை கொடுக்க வந்த அம்மா என் முன்னால் நின்று வலி என்று கையில் காட்டினாள். இரண்டு புருவத்தையும் நெற்றி மடியும்படி உயர்த்தினாள். வலிக்கிறதா?

அம்மா என்னிடம் என் மொழியில் கேட்ட முதல் கேள்வி அது.

காதிலா என்று கேட்கக் காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினேன். வலதுபுறம் ஏறியது. இடதுபுறம் ஒரு நூலளவு அசைந்ததை உணர்ந்தேன். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள், காதில்தான். நான் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கணக்குப் போட்டேன். ஒன்பது நாள். நாளைக்கு ஐந்து. சைகையை அவிசுவாசம் என்று சொல்லி இருபத்தேழு வருடம் என் வீட்டிலிருந்து விலக்கிவைத்தவர்கள், அதற்குப் பதிலாக விரலையும் எச்சிலையும் எண்ணெயையும் கொண்டுவந்தவர்கள், அடுத்த ஞாயிறும் முன்வரிசையில்தான் உட்காருவார்கள். இன்னொரு குழந்தையின் தாயிடம் இதையே சொல்வார்கள்.

‘வலிக்கவில்லை’ என்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். வழக்கமாகச் சொல்வது அதுதான். விளக்கிச் சொல்ல வழியில்லாததால் எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியே வளர்ந்தவள் நான். அம்மா போகவில்லை. புருவத்தை இறக்காமல் நின்றாள்.

‘வலிக்கிறது’ என்று மாற்றிச் சொன்னேன்.

அவளிடம் அடுத்த கேள்விக்குச் சைகை இல்லை. கைகளைக் காற்றில் வைத்துக்கொண்டு தவித்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் அடுத்த பாடத்துக்கு ரேஷ்மாவை வீடியோவில் அழைத்தேன்.